ஓராண்டு சந்தா முடிகிறது: டெஃப்கான் அளவைக் கணிக்கும் ஆப் பற்றி

என் தம்பி எண்ணெய்க் கப்பலில் செகண்ட் ஆபீசர். நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு வரை ஒரு வாட்ச் (பணிமுறை), பகல் பன்னிரண்டு முதல் நாலு வரை இன்னொன்று. 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் ‘கேலக்ஸி லீடர்’ கப்பலின் மேல்தளத்தில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்தக் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் அறையில், நின்றவர்களும் யாரோ ஒருவருக்குத் தம்பிதானே. அன்றிலிருந்து, அவன் கப்பலில் இருக்கும் மாதங்களில் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது.

2024 முடியும் சமயத்தில்தான் இந்த ஆப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். பெயர் சொல்லவில்லை. இதே மாதிரி ஆப்கள் நாலைந்து இருக்கின்றன, எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாடை. திறந்ததும் திரை நிறைய ஒரு எண். 5 என்றால் நீலம், 4 பச்சை, 3 மஞ்சள், 2 சிவப்பு, 1 வெள்ளை. அமெரிக்க ராணுவத்தின் போர்த் தயார்நிலை, அதாவது ‘டெஃப்கான்’, இப்போது எங்கே இருக்கிறது என்று பொதுவில் கிடைக்கும் தகவல்களை வைத்துக் கணித்துச் சொல்கிறோம் என்பது அவர்கள் வாக்குறுதி. எண் மாறினால் போனில் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புக்காகத்தான் நான் பணம் கட்டினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆப் வேகமாகத் திறக்கும், விளம்பரம் இல்லை. எண் குறையக் குறைய ஆபத்து கூடும் என்பதை முதல் திரையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள், நானும் அப்படித்தான் புரிந்து வைத்திருந்தேன். வரலாற்றுப் பக்கமும் நன்றாக இருக்கிறது. 1959 நவம்பரில் இந்த முறை வந்தது, 1962 கியூபா நெருக்கடி, 1973 அக்டோபர் அரபு-இஸ்ரேல் போர், 2001 செப்டம்பர் 11 எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

ஆனால் அந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. 1962 அக்டோபர் 22 அன்று அமெரிக்கப் படைகள் 3-க்குப் போயின. இரண்டு நாள் கழித்து, அணுகுண்டு விமானங்களை வைத்திருந்த வான்படைப் பிரிவு மட்டும் 2-க்குப் போனது. 1976 ஆகஸ்டில் கொரிய எல்லையில் இரண்டு அமெரிக்க அதிகாரிகளை வட கொரிய வீரர்கள் கோடரியால் கொன்றபோது, கொரியாவில் இருந்த படைகளுக்கு 3. அதாவது ஒரே நேரத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒவ்வொரு எண்ணில் இருக்கலாம். அப்படியென்றால் என் திரையில் தெரியும் ஒற்றை எண் யாருடைய எண்? ஆப்பில் இதற்குப் பதில் இல்லை.

அதைவிட முக்கியம், உண்மையான எண்ணை அமெரிக்கா வெளியில் சொல்வதில்லை. 1969 அக்டோபரில் நிக்சன் அரசு சோவியத்தின் கண்ணில் படவேண்டும் என்றே அணுப் படைகளை உஷார்ப்படுத்தியது. பார்க்கவேண்டியவர்கள் பார்க்கவேண்டும், சொந்த நாட்டு மக்களுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆப்பின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், “இது எங்கள் சொந்தக் கணிப்பு, எந்த அரசுடனும் தொடர்பில்லை” என்று இருக்கிறது. அந்த வாக்கியம் முதல் திரையில், எண்ணுக்குக் கீழேயே இருந்திருக்க வேண்டும்.

சரி, கணிப்பு என்றே வைத்துக்கொள்வோம். கணிப்பு எப்படி இருந்தது? 2025 ஜூன் மாதத்தை அப்படியே சொல்கிறேன். அந்த மாதம் தம்பியின் கப்பல் ஃபுஜைரா நங்கூரப் பகுதியில் நின்றது, ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே.

ஜூன் 11 அன்று பாக்தாத் தூதரகத்தில் அவசியமில்லாத ஊழியர்களை அமெரிக்கா வெளியேறச் சொன்னது. பஹ்ரைன், குவைத்தில் இருக்கும் ஊழியர் குடும்பங்களும் விருப்பப்பட்டால் கிளம்பலாம் என்று அனுமதி கொடுத்தது. அதே நாளில் யுகேஎம்டிஓ, அதாவது வணிகக் கப்பல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் பிரிட்டிஷ் கடற்படை மையம், வளைகுடாவிலும் ஹோர்முஸிலும் போகும் கப்பல்கள் கவனமாக இருக்கவேண்டும், பதற்றம் ராணுவ நடவடிக்கையாக மாறலாம் என்று அறிவிப்பு போட்டது. இரண்டும் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியவை. அன்று என் ஆப்பில் இருந்த எண் 4. மறுநாளும் 4. 13-ஆம் தேதி விடியற்காலை இஸ்ரேல் ஈரானைத் தாக்கி, உலகத்துத் தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டிய பிறகுதான் 3 என்று அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சி இலவசம்.

அடுத்த வாரம் இன்னும் மோசம். 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, வானிலேயே எரிபொருள் நிரப்பும் அமெரிக்க டேங்கர் விமானங்கள் இரண்டு டஜனுக்கும் மேல் அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கே போயின. தங்கள் இடத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியை அணைக்காமலே போனதால் விமானங்களைப் பின்தொடரும் எல்லா வரைபடங்களிலும் அது தெரிந்தது. ஆப் இதைப் பிடித்துவிட்டது, பாராட்டவேண்டும். ஆனால் வந்த அறிவிப்பு “நடமாட்டம் அதிகரிப்பு, அளவு மறுபரிசீலனையில்” என்று ஒரு வரி. எந்த விமானம், எத்தனை, எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எதுவும் இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு இரவு ஒன்றரை மணிக்கு நான் தம்பிக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். வாட்சில் இருந்தான், எடுக்கவில்லை. காலையில் அவனிடமிருந்து வந்தது: “அக்கா, நான் வாட்ச்ல இருக்கும்போது போன் தொடமாட்டேன்னு உனக்குத் தெரியாதா? என்ன ஆச்சு, அம்மாவுக்கு ஏதாவதா?” நான் பயந்ததும் இல்லாமல் அவனையும் பயமுறுத்தியிருக்கிறேன்.

அந்த வாரம் கப்பல்களின் இடத்தைக் காட்டும் வரைபடத்தையும் நான் திறந்தே வைத்திருந்தேன். ஒரு மாலை அவன் கப்பலின் சின்னம் கடலை விட்டு மலைமேல் ஏறி நின்றது. பக்கத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கப்பல்கள், எல்லாம் தரையில், வட்டம் போட்டதுபோல. கை நடுங்கிவிட்டது. அவனிடம் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னான்: “ஜிபிஎஸ்ஸ யாரோ ஜாம் பண்றாங்க. நாங்க ரேடார்லயும் கண்ணாலயும் கரையைப் பார்த்து பேரிங் எடுத்து நிக்கிறோம். பழைய முறைதான், பயப்படாத.” 17-ஆம் தேதி அதே கடலில் இரண்டு டேங்கர் கப்பல்கள் மோதித் தீப்பிடித்த செய்தி வந்தபோது அந்த ‘பயப்படாத’ எவ்வளவு தூரம் தாங்கும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வரைபடத்தில் தெரிவது எல்லாம் உண்மை இல்லை என்பது தெரிந்தவர்களுக்குப் பழைய சேதிதான். 2021 ஜூனில் பிரிட்டனின் ‘டிஃபெண்டர்’ போர்க்கப்பல் இரவில் ரஷ்யாவின் பிடியில் இருந்த செவஸ்தபோல் துறைமுகத்தை நோக்கிப் போவதாக வரைபடங்கள் காட்டின. அதே நேரம் அது உக்ரைனின் ஒடேசாவில் கட்டி நிற்பது துறைமுகக் கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. யாரோ பொய்யான இடத்தை உருவாக்கி அனுப்பியிருந்தார்கள்.

பொய் எப்போதும் எதிராளியிடமிருந்துதான் வரும் என்றும் இல்லை. ஜூன் 21, சனிக்கிழமை. பி-2 குண்டுவீச்சு விமானங்கள் மிசௌரியின் வைட்மேன் தளத்திலிருந்து கிளம்பி மேற்கே, பசிபிக் பக்கம் போகின்றன என்று மாலையில் எல்லோரும் எழுதினார்கள். ஆப்பும் அறிவிப்பு அனுப்பியது: “பி-2 விமானங்கள் குவாம் நோக்கி. உடனடித் தாக்குதல் வாய்ப்பு குறைவு.” இந்த ஒரு தடவைதான் அது இவ்வளவு தெளிவாக ஒரு விஷயம் சொன்னது. நான் நம்பினேன். பசிபிக்கில் இருக்கும் குவாம் தீவு எங்கே, ஈரான் எங்கே. பல நாளுக்குப் பிறகு அன்று பத்து மணிக்கே படுத்துத் தூங்கினேன்.

அந்த மேற்குப் பயணம் ஏமாற்று வேலை. உண்மையான ஏழு விமானங்கள் கிழக்கே, கிட்டத்தட்ட எந்தப் பேச்சும் இல்லாமல், சுமார் 18 மணி நேரம் பறந்து ஈரானின் அணு நிலையங்களான ஃபோர்டோவையும் நடான்ஸையும் தாக்கின. மறுநாள் அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் ஜெனரல் டான் கெய்ன் பத்திரிகையாளர்களிடம் இதை வெளிப்படையாகவே சொன்னார், மேற்கே போனவை திசைதிருப்பத்தான் என்று. தாக்குதல் நடந்தபோது தம்பியின் கப்பலில் மணி அதிகாலை இரண்டே முக்கால் இருக்கும். அவன் பிரிட்ஜில் நின்றுகொண்டிருந்தான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்க அதிபர் தானே அறிவித்த பிறகுதான் ஆப் சிவப்புக்கு மாறி 2 என்றது.

வரைபடத்தைப் பார்த்தவர்கள் எல்லோருமேதான் அன்று ஏமாந்தார்கள், அதற்காக நான் ஆப்பைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் மன்னிக்க முடியாதது. அந்தக் குவாம் அறிவிப்பு ஆப்பின் பழைய பதிவுகளிலிருந்து காணாமல் போய்விட்டது. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் தெரிந்தது. வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். “கணிப்புகள் தொடர்ந்து மேம்படுத்தப்படுகின்றன” என்று இரண்டு நாளில் பதில். தவறு நடந்தது என்ற சொல்லே இல்லை. நான் எதைப் பார்த்தேன், என்ன நினைத்தேன், எங்கே தவறினேன் என்று எழுதி வைக்காதவர் அடுத்த கணிப்பை எப்படிச் சரி செய்வார்?

ஒரு வாரம் கழித்து எண் 3, அப்புறம் 4. ஆபத்து இறங்கும்போது அறிவிப்பே இல்லை, ஏறும்போது மட்டும்தான் மணி அடிக்கும். பயந்தவர்களுக்கு இறக்கம்தான் முக்கியமான செய்தி என்பது இதைச் செய்தவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போனது?

ஆப்பின் இன்னொரு பகுதி வானொலி. அமெரிக்க வான்படை தன் உலகளாவிய குறுஅலை வலையமைப்பில் 8992, 11175 கிலோஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் சங்கேதச் செய்திகளை வாசிக்கும். இதில் ரகசியமாக ஒட்டுக்கேட்பதற்கு ஒன்றும் இல்லை, சாதாரண ரேடியோ வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். ஆப் இந்தச் செய்திகளை எண்ணி, “இன்று வழக்கத்தைவிட அதிகம்” என்று ஒரு பட்டை காட்டும். அதை நம்பாமல் நானே கேட்டுப் பார்த்தேன். நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் இணையம் வழியாக யாரும் இயக்கக்கூடிய ரேடியோ ஒன்று பல வருடமாக இலவசமாக ஓடுகிறது. 8992 என்று அடித்து, மேல்பக்கப் பட்டை (USB) என்ற ஒலிபரப்பு முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நாற்பது நிமிடம் வெறும் இரைச்சல். பிறகு திடீரென்று ஒரு இளம் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல், ஆல்ஃபா, டெல்டா, சிக்ஸ் என்று எழுத்துகளையும் எண்களையும் வாசித்தது. முதல் ஆறு எழுத்தை மூன்று தடவை. பிறகு முழுச் செய்தி. பிறகு அதையே மறுபடியும். முடிந்தது, மீண்டும் இரைச்சல். மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் குரல் என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் அது சங்கேதம். சோதனைச் செய்திகள் தினமும் போகும். ஆண்டுதோறும் நடக்கும் ‘குளோபல் தண்டர்’ மாதிரி பயிற்சிகள் வந்தால் எண்ணிக்கை கூடும். பட்டை உயர்ந்தது என்பதை வைத்து உலகம் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்வது, பக்கத்து வீட்டில் போன் அடிக்கடி அடிக்கிறது, அதனால் அங்கே ஏதோ விபரீதம் என்று சொல்வது மாதிரி. ஈ-6பி விமானங்களும் அப்படித்தான். நீர்மூழ்கிகளுக்குக் கட்டளை அனுப்பும் விமானங்கள், மொத்தமே 16, ஓக்லஹோமாவின் டிங்கர் தளம் அவற்றுக்கு வீடு. வழக்கமான நாட்களிலும் பறக்கும். புதிதாக வரைபடம் பார்ப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் அலறுகிறார்கள். ஆப்பும் அவர்களோடு சேர்ந்து அலறுகிறது.

அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் பக்கத்துப் பீட்சாக் கடைகளில் கூட்டம் கூடினால் உள்ளே ராத்திரி வேலை நடக்கிறது என்று, அதையும் ஒரு அடையாளமாகக் காட்டுகிறார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

பொதுத் தகவலை வைத்து எதுவுமே சொல்ல முடியாது என்று நான் சொல்லவரவில்லை. 2022 பிப்ரவரி 24 விடியற்காலை, ரஷ்யாவின் பெல்கோரோட்டிலிருந்து உக்ரைன் எல்லைக்குப் போகும் சாலையில் கூகுள் மேப்ஸ் போக்குவரத்து நெரிசல் காட்டியது. கலிஃபோர்னியாவின் மிடில்பரி கல்வி நிறுவன ஆய்வாளர்கள் அதைப் பார்த்துப் படை கிளம்பிவிட்டது என்று சொன்னார்கள், போர் அறிவிப்புக்கு முன்பே. வரைபடத்தில் நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்றை மட்டும் பார்த்து அவர்கள் சொல்லவில்லை. அதே இடத்தில் கவச வாகனங்கள் வரிசையாக நிற்பதை அதற்கு முன்பே ரேடார் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து வைத்திருந்தார்கள். அந்தப் படம் கையில் இல்லையென்றால் அது ஒரு சாதாரண நெரிசல்.

2025 ஜூனிலும் அப்படி ஒன்று இருந்தது. கத்தாரில் உள்ள அல் உதெய்த் அமெரிக்கத் தளத்தின் செயற்கைக்கோள் படங்கள் செய்திகளில் வந்தன. ஜூன் 5 படத்தில் சுமார் 40 ராணுவ விமானங்கள் வெட்டவெளியில் நின்றன, ஜூன் 19 படத்தில் மூன்று. அடி விழும் என்று எதிர்பார்த்து விமானங்களை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் புரியும். 23-ஆம் தேதி ஈரானின் ஏவுகணைகள் அங்கேதான் வந்தன. அதற்குச் சற்றுமுன் கத்தார் தன் வான்வெளியை மூடியதும், பயணிகள் விமானங்கள் பாதி வழியில் திரும்பியதும் வரைபடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. இதையெல்லாம் தேதியோடு என் முன்னால் வரிசையாக வைத்திருந்தால் எனக்கு எண்ணே தேவையில்லை. இப்படிப் பொறுக்கியெடுத்து வைப்பதற்குத்தான் சந்தா கட்டியதாக நினைத்திருந்தேன்.

இப்போது நான் பார்ப்பவை மூன்று. திங்கட்கிழமை யுஎஸ்என்ஐ நியூஸ் என்ற கடற்படைச் செய்தித் தளம் வெளியிடும் அமெரிக்கக் கடற்படை வரைபடம். எந்த விமானந்தாங்கிக் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை, அவசரமில்லாமல் சொல்வார்கள். 2025 ஜூன் 16 அன்று ‘நிமிட்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் வியட்நாமின் டா நாங் துறைமுகப் பயணத்தை ரத்து செய்துவிட்டு மேற்கே திரும்பியது. ஒரு கப்பல் போகவேண்டிய ஊருக்குப் போகாமல் திரும்புவது எனக்கு எந்தச் சிவப்பு எண்ணையும்விடப் பெரிய சேதி.

இரண்டாவது ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச். ராணுவ விமானங்களை மறைக்காமல் காட்டும் வரைபடம் அது. அதிலும் டிரான்ஸ்பாண்டரை அணைத்தவை தெரியாது. பி-2 கதைக்குப் பிறகு அதில் தெரிவதை ‘அவர்கள் தெரியவிட்டது’ என்றுதான் படிக்கிறேன்.

மூன்றாவது யுகேஎம்டிஓ. இதற்கு என் முழு மரியாதை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு எண், நேரம், கரையிலிருந்து எத்தனை நாட்டிகல் மைல், கப்பலில் இருப்பவர்கள் பத்திரமா இல்லையா. புதிய தகவல் வந்தால் அதே எண்ணில் திருத்தம் வரும், பழையது அழியாது. பதறவைக்கும் நிறம் இல்லை, மணி இல்லை. தம்பியின் கேப்டனும் இதைத்தான் படிக்கிறார். கப்பலில் இருப்பவர்களும் கரையில் இருக்கும் நானும் ஒரே காகிதத்தைப் படிக்கிறோம் என்பதே எனக்குப் பாதி நிம்மதி.

இந்த ஆப்பைச் செய்தவர்கள் இதைப் படித்தால் மூன்று வேலை செய்யுங்கள். எண்ணுக்குக் கீழே, எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று நேரத்தோடு எழுதுங்கள். தவறிய கணிப்பை அழிக்காமல் வையுங்கள். ஆபத்து இறங்கும்போதும் மணி அடியுங்கள். இவற்றைச் செய்தால் நான் திரும்பி வந்து பணம் கட்டுவேன். இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் வரலாற்றுப் பக்கத்துக்காக.

சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. தம்பி போன வாரம் மறுபடி கப்பலேறிவிட்டான், அதே வளைகுடாப் பாதை. கிளம்புவதற்கு முந்தின நாள் என் போனை வாங்கி, இந்த ஆப்பின் அறிவிப்புகளை அணைத்துவிட்டு, யுகேஎம்டிஓ பக்கத்தை முதல் திரையில் வைத்துக் கொடுத்தான். “வாட்ச் முடிஞ்சதும் ஒரு புள்ளியாவது அனுப்புறேன், அதுக்கு முன்னாடி கூப்பிடாத” என்றான். அவன் கடிகாரத்தில் நாலு அடித்து ஐந்து பத்து நிமிடத்தில் வருகிறது. ஒரு புள்ளி, அவ்வளவுதான்.